விக்கிப்பீடியாக் கட்டுரையின் அடியில் எந்த இணைப்பை விட்டுவைப்பது, எதை எடுப்பது

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைக்கும் இடம், கட்டுரையின் கடைசியில் இருக்கும் ‘வெளி இணைப்புகள்’ என்ற பகுதி. அங்கே எழுத வேண்டியது எதுவும் இல்லை; ஒரு முகவரியை ஒட்டிச் சேமித்தால் வேலை முடிந்தது. சேர்ப்பது இவ்வளவு எளிதாகவும், சேர்த்ததை எடுக்க யாருக்கும் மனம் வராமலும் இருப்பதால், பல கட்டுரைகளில் அந்தப் பகுதி வீட்டுப் பரணைப் போல ஆகிவிடுகிறது: ஏற்றிவைத்தவருக்கே நினைவில்லாத பொருள்கள், எப்போதோ உடைந்துபோனவை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை. அந்தப் பரணைப் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்துவருபவன் என்ற முறையில், நான் எப்படி முடிவெடுக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஓர் இணைப்பைப் பார்த்து ‘இது நல்ல தளமா?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. நல்ல தளங்களுக்குக் கணக்கே இல்லை. நான் கேட்பது இதுதான்: இந்தக் கட்டுரை வளர்ந்து, எழுத வேண்டியதெல்லாம் எழுதப்பட்டு, விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான சிறப்புக் கட்டுரையாகும் தகுதியை எட்டிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அப்போதும் இந்த இணைப்பைச் சொடுக்குகிற வாசகருக்குக் கட்டுரைக்குள் கொண்டுவர முடியாத ஏதாவது ஒன்று மறுமுனையில் இருக்குமா? ஒரு நூலின் முழுப் பாடம், ஓலைச்சுவடியின் படிமங்கள், ஓதுவார் பாடிய ஒலிப்பதிவு, பதிப்புரிமை காரணமாக எடுத்தெழுத முடியாத நீண்ட நேர்காணல், நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட புள்ளிவிவர அட்டவணை ஆகியவற்றை எந்தக் கட்டுரையும் தனக்குள் அடக்க முடியாது. மாறாக, ஒரு தளத்தில் இருப்பது நான்கு பத்தி வாழ்க்கைக் குறிப்பு மட்டுமே என்றால், அந்த நான்கு பத்திகளில் உள்ள செய்தியைச் சரிபார்த்து நம் சொற்களில் கட்டுரையில் எழுதிவிட்டால் இணைப்புக்கு வேலையில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதலிலும் இந்த அளவுகோல் இருக்கிறது. ஆனால் தமிழில் அதன் அழுத்தம் வேறு. நம் கட்டுரைகளில் பல குறுங்கட்டுரைகள். மூன்று வரிகளுக்கு அடியில் ஏழு இணைப்புகள் தொங்குவதைப் பார்க்கலாம். எழுதுவதற்குப் பதிலாக இணைப்பு கொடுத்துவிடும் பழக்கம்தான் அதற்குக் காரணம். அந்த ஏழில் ஒன்றைத் திறந்து படித்து, கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்து, அதே தளத்தை அந்தப் பத்திக்கு மேற்கோளாக்குவது ஏழு இணைப்புகளையும் விடப் பெரிய உதவி.

மேற்கோளும் வெளி இணைப்பும் ஒன்றாகக் கலந்துகிடப்பதையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். கட்டுரையில் உள்ள ஒரு குறிப்பிட்ட கூற்றுக்கு ஆதாரமாக இருக்கும் பக்கம் அந்த வாக்கியத்தின் முடிவில் மேற்கோளாகச் செல்ல வேண்டும். எதற்கும் ஆதாரமாக இல்லாமல், மேற்கொண்டு படிக்க விரும்புகிறவருக்காக இருப்பது மட்டுமே வெளி இணைப்பு. ஒருவர் ஆதாரமாகப் பயன்படுத்திய கல்வெட்டுத் தொகுதியை அடியில் வெறும் இணைப்பாகப் போட்டுவிட்டால், எந்த வாக்கியம் அதிலிருந்து வந்தது என்று பின்னால் வருகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே எதையும் நீக்குவதற்கு முன், அது உண்மையில் ஒரு மேற்கோளா என்று பக்க வரலாற்றைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு கோயில் கட்டுரையை எடுத்துக்கொள்வோம்

பாடல் பெற்ற தலங்களைப் பற்றிய கட்டுரைகளில் வழக்கமாகச் சேரக்கூடிய இணைப்புகளைத் திருவையாறு ஐயாறப்பர் கோயிலுக்கு வைத்துப் பார்த்தால் முறை விளங்கும். தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம், காவிரிக் கரை, தருமபுரம் ஆதீனத்தின் நிருவாகத்தில் இருக்கும் கோயில். இப்படிப்பட்ட கட்டுரைக்கு இணைப்பு தர ஆசைப்படுகிறவர்கள் பலராக இருப்பார்கள்.

கோயிலின் அதிகாரப்பூர்வத் தளம் ஒன்று இருந்தால் அது முதலில் இடம்பெறும். ஆனால் ‘அதிகாரப்பூர்வம்’ என்று முகப்பில் எழுதிக்கொள்ள யாராலும் முடியும். பூசைக்குப் பணம் கட்டச் சொல்லும் தனியார் தளங்களும் அப்படி எழுதிக்கொள்கின்றன. கோயிலை நிருவகிப்பவரின் பக்கத்திலிருந்து அந்தத் தளத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து, நாளிதழ்கள் நடத்தும் ஆலயப் பக்கங்கள். தல வரலாறு, நடை திறக்கும் நேரம், தொலைபேசி எண், அருகிலுள்ள தங்கும் விடுதிகள் என்று அவற்றுக்கு ஒரே அமைப்பு. தல வரலாறு கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டியது. நடை நேரமும் தொலைபேசி எண்ணும் கலைக்களஞ்சியத்துக்கு உரியவை அல்ல. பக்தருக்கு அந்தப் பக்கம் மிகவும் பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் அதைத் தேடுபொறியில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார் என்பதிலும் ஐயமில்லை. எடுத்துவிடலாம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 2007இல் வெளியிட்ட மின்தேவாரம் வேறு வகை. தேவாரப் பதிகங்களின் மூலபாடம், வி. மீ. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தலங்களைக் காட்டும் நிலப்படம், ஓதுவார்களின் குரற்பதிவு ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றன. இவற்றில் எதையும் கட்டுரைக்குள் கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது. விட்டுவைக்க வேண்டிய இணைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அந்தத் திரட்டின் முகப்புப் பக்கத்தைத் தேவாரம் என்ற கட்டுரையில் வைக்க வேண்டும்; ஐயாறப்பர் கோயில் கட்டுரையில் திருவையாற்றுப் பதிகங்கள் இருக்கும் பக்கத்தைத்தான் வைக்க வேண்டும். முகப்பில் இறக்கிவிட்டு ‘உள்ளே தேடிக்கொள்ளுங்கள்’ என்று விடுவது வாசகரைப் பேருந்து நிலையத்திலேயே இறக்கிவிட்டுப் போவதற்குச் சமம்.

தியாகராசர் ஆராதனை விழாவின் தளம் இங்கே இருந்தால் அது தவறான வீட்டுக்குள் நுழைந்த நல்ல விருந்தாளி. 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி திருவையாற்றில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தளம் கோயிலைப் பற்றியது அன்று. நீக்கிவிட்டு, ஆராதனையைப் பற்றிய கட்டுரைக்கு மாற்ற வேண்டும். ‘ஊர் ஒன்றுதானே’ என்ற நெகிழ்ச்சியை ஒருமுறை அனுமதித்தால், ஊரில் உள்ள கல்லூரி முதல் அல்வாக் கடை வரை எல்லாவற்றுக்கும் அதே வாதம் பொருந்தும்.

நிலப்பட இணைப்பு தேவையில்லை. கட்டுரையின் தலையில் கொடுக்கும் புவியியல் ஆள்கூறுகளே எல்லா நிலப்படங்களுக்கும் வழிகாட்டிவிடும். சுற்றுலாத் தொகுப்பு விற்கும் தளம், முகநூல் குழு, வாட்ஸ்அப் அழைப்பு ஆகியவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆடி அமாவாசையன்று நடக்கும் அப்பர் கயிலைக் காட்சி விழாவின் காணொளி என்றால் நான் சற்று நிதானிப்பேன்: எடுத்தவரே பதிவேற்றியிருந்து, விழாவை உண்மையாகவே காட்டுவதாக இருந்தால் ஒன்றை விட்டுவைக்கலாம். அதைவிட, படம் பிடித்தவர் யாரும் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில், படங்களுக்கும் காணொளிகளுக்குமான விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றிவிட்டால் காணொளியைக் கட்டுரைக்குள்ளேயே பதிக்கலாம்.

இவ்வளவையும் சலித்தபின் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. இத்தனைதான் இருக்கலாம் என்ற எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ஐந்தைத் தாண்டுகிற பட்டியலைப் பார்த்தால் நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுவது வழக்கம்.

பதிப்புரிமை: தயவு காட்டக் கூடாத இடம்

எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரைகளில் ‘நூல்களைத் தரவிறக்க’ என்ற இணைப்பு அடிக்கடி வந்து சேர்கிறது. சேர்ப்பவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. படித்து மகிழ்ந்ததை நாலு பேருக்குக் கொடுக்க நினைக்கிறார், அவ்வளவுதான். ஆயினும் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் ஏற்றப்பட்ட நூலுக்கோ பாடலுக்கோ படத்துக்கோ தெரிந்தே வழிகாட்டுவது அந்த மீறலுக்குத் துணைபோவதாகும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. கண்டவுடன் நீக்க வேண்டும்.

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 2015இல் மறைந்த ஜெயகாந்தனின் எழுத்துகளுக்கு 2075 முடியும் வரை உரிமை உண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இலங்கையில் இந்தக் காலம் எழுபது ஆண்டுகள் என்பதால், ஈழத்து எழுத்தாளர்களுக்கு இந்தியக் கணக்கை அப்படியே பொருத்திவிடக் கூடாது. தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறது: பாரதியார் தொடங்கிப் பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் எனப் பலருடைய படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அவற்றின் மின்வடிவங்களுக்கு இணைப்பு தரத் தடையில்லை. ஆனால் நாட்டுடைமையானது ஆசிரியரின் எழுத்து மட்டுமே. அண்மையில் ஒரு பதிப்பகம் வெளியிட்ட பதிப்பை அட்டை முதல் அட்டை வரை வருடி ஏற்றினால், அதில் உள்ள பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் வேறொருவருக்குச் சொந்தமானவை. இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள தொகுப்பாளர்களும் வழுக்குகிறார்கள்.

நம்பி இணைப்பு தரத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சில் தருகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடித் தருகிறது. இலங்கை எழுத்தாளர் எவரைப் பற்றிய கட்டுரையிலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. அதே நூல், மூல நூல்களைத் திரட்டும் உறவுத் திட்டமான தமிழ் விக்கிமூலத்தில் இருந்தால், அதற்குத் தனி முகவரி ஒட்ட வேண்டாம்; உறவுத் திட்டங்களுக்கென்று ஆயத்தமாக உள்ள வார்ப்புருவைப் பயன்படுத்தினால் போதும்.

வலைப்பதிவு, பழைய எழுத்துரு, மொழிபெயர்த்த கட்டுரை

தனிநபர் வலைப்பதிவுகளைத் தவிர்க்க வேண்டும் என்பது பொது விதி. எழுதியவர் அத்துறையில் அறியப்பட்ட அறிஞராக இருந்தால் விலக்கு உண்டு. தமிழில் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கையாள என்னால் முடியவில்லை. ஊர் ஊராகச் சென்று நடுகல்லையும் சமணப் படுகையையும் நேரில் பார்த்து, அளந்து, படமெடுத்து எழுதியவர்களில் பலருக்கு வலைப்பதிவைத் தவிர வேறு வெளியீட்டிடம் வாய்க்கவில்லை. ஆகவே நான் பதிவரின் பெயரைத் தேடுகிறேன்: ஆய்விதழில் எழுதியிருக்கிறாரா, அவருடைய நூலைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இருந்தால் அந்தக் குறிப்பிட்ட பதிவை விட்டுவைக்கிறேன். குடும்பத்தோடு போய்வந்த அனுபவமும் நாற்பது படங்களும் மட்டும் இருந்தால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் எடுத்துவிடுகிறேன்.

உங்களுடைய சொந்த வலைப்பதிவு என்றால் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, ‘இது என் பதிவு; பொருத்தம் என்று கருதினால் யாராவது சேர்க்கவும்’ என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பணிபுரியும் நிறுவனம், படித்த பள்ளி, உறவினரின் பதிப்பகம் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருக்களிலும் தகுதரம் போன்ற குறியேற்றங்களிலும் இயங்கின. அப்படியே கைவிடப்பட்ட பக்கங்களை இன்றைய கைப்பேசியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். உள்ளடக்கம் அரியதாக இருக்கலாம். ஆனால் வாசகர்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாத பக்கம் அவர்களைப் பொறுத்தவரை வெற்றுப் பக்கம். ஒருங்குறிக்கு மாற்றிய படி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் நீக்க வேண்டும். கட்டணம் செலுத்தியோ கணக்குத் தொடங்கியோதான் படிக்க முடியும் என்ற பக்கங்களும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கின்றன.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது வெளி இணைப்புகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு வருவது இன்னொரு பழக்கம். அங்கே பத்தாண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டு அங்கேயே செத்துப்போன இணைப்புகள் இங்கே புதிதாகக் குடியேறுகின்றன. மொழிபெயர்ப்பவர் கட்டுரையை மட்டும் கொண்டுவந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சேர்க்க வேண்டும். தமிழில் அதே தரத்தில் ஒரு தளம் இருந்தால் அதற்கே முன்னுரிமை. இல்லாவிட்டால் ஆங்கிலத் தளத்தைத் தயக்கமின்றி வைத்து, மொழியைக் குறிப்பிட்டுவிடலாம்.

வரியை எழுதும் முறை

சதுர அடைப்புக்குள் முகவரி, ஓர் இடைவெளி, பிறகு தலைப்பு: இவ்வளவுதான் இலக்கணம். அதில் தவறு நேர்வது தமிழ் முகவரிகளில். தமிழ் எழுத்துகள் உள்ள முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. ‘கல்கி’ என்ற மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து குறிகள் என்பதால் நாற்பத்தைந்து எழுத்துகளாகிறது. இணைப்பு வேலை செய்யும். ஆனால் தலைப்பு கொடுக்காமல் வெறும் முகவரியாக விட்டால், வாசகர் கண்ணுக்கு முன் விழுக்காட்டுக் குறிகளின் ஊர்வலம் போகும்.

தலைப்பைப் பார்த்தே என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். ‘இங்கே சொடுக்கவும்’, ‘மேலும் அறிய’, ‘அருமையான தகவல்கள்’ ஆகியவை எதையும் சொல்வதில்லை. ‘திருவையாற்றுப் பதிகங்கள்: மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும், பிரெஞ்சு நிறுவனம், புதுச்சேரி’ என்று எழுதினால் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பெரிய கோப்பாக இருந்தால் அதன் அளவையும் குறிப்பிடலாம். கட்டுரையின் உடற்பகுதிக்குள், வாக்கியத்தின் நடுவே, வெளித்தளத்துக்கு இணைப்பு தரக் கூடாது. வாக்கியத்தில் வரும் சொற்கள் விக்கிப்பீடியாவின் பிற கட்டுரைகளுக்கு மட்டுமே செல்ல வேண்டும்.

நீக்கும்போது

நீக்குவதற்கான காரணத்தை, சேமிக்கும்போது நிரப்பும் தொகுப்புச் சுருக்கத்தில் எழுத வேண்டும். ‘எரிதம்’ (வேண்டாத விளம்பரம்) என்ற ஒரே சொல்லோடு தன் இணைப்பு நீக்கப்பட்டதைக் காணும் புதியவர், தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். அவர் அதன்பின் ஒரு வரியும் எழுதாமல் போய்விடக்கூடும். ‘இத்தளத்தின் செய்தி கட்டுரையிலேயே உள்ளது; வேறு தகவல் இருந்தால் மேற்கோளாகச் சேர்க்கலாம்’ என்று எழுத அரை நிமிடம் கூடுதலாகும். மறுபடியும் சேர்த்தால் மீண்டும் நீக்கிக்கொண்டே இருக்காமல் உரையாடல் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் முடியாவிட்டால், பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது. இழுபறியில் இருக்கும் இணைப்பு, இணக்கம் ஏற்படும்வரை வெளியே இருப்பதே முறை. ஏன் வேண்டும் என்று விளக்கும் பொறுப்பு சேர்க்க விரும்புகிறவருடையது.

திட்டமிட்டுச் சேர்ப்பவர்கள் வேறு ரகம். ஒரே தளத்தின் இணைப்பை ஒரே நாளில் முப்பது கட்டுரைகளில் ஒட்டிச் செல்வார்கள். சிறப்புப் பக்கங்களில் உள்ள வெளி இணைப்புத் தேடலில் அந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்தால் முப்பதும் வரிசையாக வந்து நிற்கும். அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது: விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி ஒவ்வோர் இணைப்பிலும் தானாகவே சேர்கிறது, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் 2007 முதல் அப்படித்தான். ஆகவே ஒட்டுபவர் எதிர்பார்க்கும் பயன் கிடைக்கப்போவதில்லை. அப்படியும் நிறுத்தாதவர்களின் தளத்தை நிருவாகிகள் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் அந்த முகவரியுடன் எந்தப் பக்கத்தையும் சேமிக்க முடியாது.

செத்த இணைப்புகளைக் கவனிக்க ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். 2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது தனிநபர்களின் பக்கங்கள் மொத்தமாக மறைந்தது பழைய கதை. இப்போது அதைவிட மோசமானது, முகவரி உயிரோடிருந்து ஆள் மாறுவது. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிய சிறிய தளம் ஒன்றை நானே ஒரு கட்டுரையில் சேர்த்திருந்தேன். அதை நடத்தியவர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தற்செயலாகச் சொடுக்கியபோது தாலாட்டு இருந்த இடத்தில் சூதாட்டத் தளம் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொடுக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து, நான் சேர்க்கும் இணைப்புள்ள கட்டுரைகள் எல்லாம், மாற்றங்களைக் காட்டும் என் கவனிப்புப் பட்டியலில் இருக்கின்றன.

மேற்கோள் செத்துப்போனால் அதை நீக்கக் கூடாது. இணைய ஆவணகத்தின் வேபேக் எந்திரத்தில் பழைய படியைத் தேடி, அதன் முகவரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் கட்டுரையின் ஒரு கூற்று அதன்மேல் நிற்கிறது. வெளி இணைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தளம் இடம்மாறியிருந்தால் புதிய முகவரியைப் போடலாம், உள்ளடக்கம் உண்மையிலேயே அரியதாக இருந்தால் ஆவணகப் படியைக் காட்டலாம், மற்றபடி எடுத்துவிடலாம். இருந்த ஒரே இணைப்பும் போய்விட்டால் ‘வெளி இணைப்புகள்’ என்ற தலைப்பையும் அதோடு எடுத்துவிட வேண்டும். எல்லாக் கட்டுரைகளிலும் அந்தப் பகுதி இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.